பல் இம்பிளான்ட்: டைட்டானியமா, ஜிர்கோனியாவா?

கேள்வி: கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் இம்பிளான்ட் வைக்கலாம் என்கிறார் மருத்துவர். டைட்டானியம் பழசு, உலோகம் இல்லாத ஜிர்கோனியாதான் நல்லது என்கிறது ஒரு விளம்பரம். விலையும் கூடுதல். எதை எடுப்பது?

பதில்: ஜிர்கோனியா என்று அவர்கள் சொல்வது எலும்புக்குள் இறங்கும் வேரையா, மேலே தெரியும் கேப்பையா என்று முதலில் கேளுங்கள். கேப் மட்டும் ஜிர்கோனியா, வேர் டைட்டானியம் என்பதுதான் பரவலாக நடப்பது. 'ஜிர்கோனியா இம்பிளான்ட்' என்ற பேச்சில் இந்த வித்தியாசம் எளிதில் மறைந்துவிடும்.

பழசு என்பது இங்கே குறையே அல்ல. ஸ்வீடனின் மருத்துவ ஆய்வாளர் பிரேன்மார்க் 1952-இல் முயல் எலும்பில் வைத்த டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்கப் பார்த்தபோது எலும்பு அதை விடவில்லை. 1965-இல் முதல் நோயாளிக்கு வைத்தார். அன்றிலிருந்து சேர்ந்த அனுபவம் ஜிர்கோனியாவுக்குக் கிடையாது. டைட்டானியத்திலும் வகை உண்டு: கிரேடு 4 கலப்பில்லாதது, கிரேடு 5-இல் சுமார் 6% அலுமினியம், 4% வனேடியம் சேர்ந்திருக்கும், வலு அதிகம். இரண்டுமே புழக்கத்தில் உள்ளவை.

ஜிர்கோனியா வெள்ளை. ஈறு மெல்லியதாக இருந்து முன்பல் போனவருக்கு, சாம்பல் நிறம் ஈறு வழியே தெரியாது என்பது உண்மையான லாபம். ஆனால் அது பீங்கான் இனம். மெலிந்த அளவில் உடையும் அபாயம் உண்டு. வேரும் கேப்பைத் தாங்கும் மேல்பகுதியும் ஒரே துண்டாக வருவதும் நிறைய, அதில் சாய்வைப் பிறகு சரிசெய்ய வழி குறைவு. கடைவாய்ப்பல்லுக்கு, அலர்ஜி போன்ற காரணம் இல்லாவிட்டால், கூடுதல் பணம் கொடுக்க நான் சொல்ல மாட்டேன்.

அதைவிட முக்கியம் ஸ்டிக்கர். இம்பிளான்ட் வரும் டப்பாவில் கம்பெனி, மாடல், விட்டம், நீளம், லாட் நம்பர் எல்லாம் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஒன்றை உங்கள் ஃபைலில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். பல வருஷம் கழித்து வேறு ஊரில், கேப்பை வேரோடு பிணைக்கும் ஸ்க்ரூ தளர்ந்தால், எந்தக் கம்பெனி என்று தெரியாமல் பொருந்தும் ஸ்க்ரூவும் கருவியும் தேடுவது பெரும்பாடு. வெறும் எக்ஸ்ரேயை வைத்துக் கண்டுபிடிப்பது எப்போதும் நடக்காது. ஸ்டிக்கர் தரத் தயங்கும் இடத்தில் இம்பிளான்ட்டே வேண்டாம்.

கேள்வி: இம்பிளான்ட் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாதாமே?

பதில்: டைட்டானியமும் ஜிர்கோனியாவும் காந்தத்தில் இழுபடாது, எடுக்கலாம். உலோகத்தைச் சுற்றிப் படம் கொஞ்சம் கலங்கும், அவ்வளவுதான். ஆனால் காந்தம் வைத்துக் கழற்றி மாட்டும் பல்செட் என்றால் கதை வேறு. ஸ்கேன் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.