92 வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் ஒப்பரேசன் செய்யலாமா?

அம்மம்மாவுக்கு 92 வயது, இந்த வயதில் கத்தி வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வைத்தியர் இல்லை. என் அப்பாச்சி 91 வயதில் கிணற்றடியில் வழுக்கி விழுந்தபோது பட்டறிந்ததைச் சொல்கிறேன்.

"நாரி பிடிச்சிட்டுது, எண்ணெய் பூசினால் சரி" என்றார் அப்பாச்சி. நாங்களும் பத்துப் போட்டோம். ஒரு கால் மற்றதைவிடக் கட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. அதைப் பார்த்தவுடனேயே பெரியாஸ்பத்திரிக்கு ஓடியிருக்க வேண்டும். இரண்டு நாள் வீணானது எங்கள் பிழை. இங்கிலாந்து வழிகாட்டலில் சேர்த்த அன்றோ மறுநாளோ ஒப்பரேசன் செய்யச் சொல்கிறார்கள்.

வயதைப் பற்றி யோசிக்க முதல், முறிவு எந்த இடத்தில் என்று எக்ஸ்ரேயைக் காட்டிக் கேளுங்கள். இடுப்பெலும்பு முறிவு என்று நாம் சொல்வது பெரும்பாலும் தொடையெலும்பின் மேல்முனை முறிவைத்தான். அந்த எலும்பின் கழுத்தில், அதாவது தலைக்குக் கீழுள்ள ஒடுங்கிய பகுதியில், முறிந்து விலகியிருந்தால், பந்து போன்ற தலைக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டுவிடும். ஒட்டுவது சந்தேகம் என்பதால் அந்தத் தலையை எடுத்துவிட்டு உலோகத் தலை வைப்பார்கள். முழு மூட்டையும் மாற்றுவது பெரும்பாலும் விழும்வரை நன்றாக நடமாடித் திரிந்தவர்களுக்குத்தான். விலகாத முறிவென்றால் ஸ்குரூ போதும். கழுத்துக்குக் கீழே என்றால் இரத்த ஓட்டம் கெடாது. பிளேட்டும் ஸ்குரூவும், அல்லது எலும்புக்குள்ளே ஒரு கம்பி. அப்பாச்சிக்குக் கம்பி. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கப்பண்ணினார்கள்.

சும்மா படுக்கவிட்டால் என்ன என்று சித்தப்பா கேட்டார். படுக்கைப் புண், நிமோனியா, காலில் இரத்தக்கட்டி எல்லாம் படுக்கையில்தான் வருகின்றன. ஏற்கெனவே நடக்காதவருக்குக்கூட, புரட்டிக் கழுவும்போது நோகாமல் இருக்க ஒப்பரேசன் செய்வதுண்டு. கடைசி நாட்களில் இருப்பவர் என்றால் கதை வேறு. மறைக்காமல் சொல்வதானால், ஒப்பரேசன் செய்தாலும் இந்த முறிவு வந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஒரு வருடத்துக்குள் இறந்துபோகிறார்கள்.

மறுநாளே பிசியோ பிள்ளை வந்து வோக்கரைப் பிடிக்கவைத்து நிமிர்த்தினார். இரவானால்தான் கரைச்சல். "கோழி அடைச்சாச்சோ?" என்று மூன்று இரவும் வார்டையே எழுப்பினார். எங்கள் வீட்டில் கோழி இல்லாமற்போய் இருபது வருடம். இப்படித் தடுமாறுவது இந்த வயதில் அடிக்கடி நடக்கும், பெரும்பாலும் தெளிந்துவிடும் என்றார்கள். இந்தத் தடுமாற்றம் குறைய, கண்ணாடியையும் காதுக் கருவியையும் கையோடு கொண்டுபோங்கள். ஐந்தாம் நாள் தெளிந்து, தன் ஓலைக் கொட்டப்பெட்டியைக் கேட்டார், எங்களுக்கு மூச்சு வந்தது.

துண்டு வெட்டி வீட்டுக்கு விடும்போது எலும்புத் தேய்வுக்கு மருந்து தேவையா என்று மறக்காமல் கேளுங்கள். மற்றப் பக்கமும் இருக்கிறதல்லவா?