"மால்டீஸ் ஃபால்கன்" 20 பக்கத்தோடு நின்றுவிட்டது, இதை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?

உங்கள் கேள்வியைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது, நானும் முதல் தடவை கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் மூடிவைத்தேன். எனக்கு அப்போது துப்பறியும் கதை என்றால் பாக்கெட் நாவல்தான்: பஸ் கிளம்பும்போது பிணம், ஊர் வந்து சேர்வதற்குள் கொலைகாரன் சிக்கிவிட வேண்டும். அந்தப் பழக்கத்தோடு டேஷியல் ஹாமெட் எழுதிய இந்தத் துப்பறியும் நாவலைத் திறந்தால் ஒருத்தன் படுக்கையில் உட்கார்ந்து சிகரெட் சுற்றிக்கொண்டிருக்கிறான். ஒரு பத்தி முழுக்க.

நீங்கள் திரும்பப் போய்ப் படிக்க வேண்டியதும் அந்தப் பத்தியைத்தான், இரண்டாம் அத்தியாயத்தின் தொடக்கம். இருட்டில் போன் அடிக்கிறது, கட்டில் ஸ்பிரிங் கிரீச்சிடுகிறது, கை எதையோ தட்டிவிடுகிறது. எதிர்முனையில் யார், என்ன சொன்னார்கள் என்று நமக்குச் சொல்லப்படுவதில்லை, இவன் பேசும் துண்டு வார்த்தைகள் மட்டும் கேட்கின்றன. அவ்வளவிலேயே தெரிந்துவிடுகிறது, தொழில் பங்காளி மைல்ஸ் ஆர்ச்சர் செத்துவிட்டான். மணி இரண்டு தாண்டி ஐந்து நிமிஷம். போனை எடுத்த துப்பறிவாளன் சாம் ஸ்பேட் என்ன செய்கிறான்? தாளை வளைத்துப் புகையிலையை அளந்து போட்டுச் சமப்படுத்தி, சுருட்டி, ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டுகிறான், விரல்கள் கொஞ்சம்கூட அவசரப்படுவதில்லை. அவனுக்கு வருத்தமா, நிம்மதியா, பயமா? ஹாமெட் சொல்லமாட்டார்.

புத்தகம் முழுக்க இதுதான் விதி. யார் மனசுக்குள்ளும் ஆசிரியர் நுழைவதில்லை, ஸ்பேடின் மனசுக்குள்ளும்தான். முகம், கை, குரல், பேச்சு இவ்வளவுதான் நமக்குக் கிடைக்கும். நான் முதல் தடவை கதையை மட்டும் துரத்தினேன், அதனால் சலித்தது. இரண்டாவது தடவை ஆட்களை உற்றுப் பார்த்துக்கொண்டே படித்தேன். ஸ்பேட் கொலை நடந்த சந்துக்குப் போகிறான், கீழே கிடக்கும் உடலைக் கிட்டே போய்ப் பார்க்கக்கூட இல்லை. செத்தவனின் மனைவியிடம் சொல்லும் வேலையை ஆபீஸில் வேலை பார்க்கும் எஃபி தலையில் கட்டிவிடுகிறான். அப்புறம் கதவில் பங்காளியின் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரை மட்டும் எழுதச் சொல்கிறான். இவன் கல்நெஞ்சக்காரனா, இல்லை கொலைப்பழி தன்மேல் விழும் என்று கணக்குப் போடுகிறானா? கடைசிப் பக்கம் வரை எனக்கு இந்தச் சந்தேகம் ஓடிக்கொண்டே இருந்தது, எல்லோரும் துரத்தும் பறவைச் சிலை எங்கே போனது என்பதைவிட இதுதான் என்னை இழுத்துக்கொண்டு போனது.

பறவை விஷயம் சுருக்கமாக: 1530-இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் மால்டா தீவை ஒரு வீரத்துறவியர் சபைக்குக் கொடுத்தபோது வருஷத்துக்கு ஒரு வல்லூறு (அதுதான் ஃபால்கன்) கப்பம் கட்டச் சொன்னது நிஜ வரலாறு. அதன்மேல் ரத்தினம் பதித்த சிலை ஒன்றை ஹாமெட் கட்டியிருக்கிறார். அந்தச் சிலைக்காகத்தான் 1920-களின் சான் பிரான்சிஸ்கோவில் ஆளாளுக்குப் பொய் சொல்கிறார்கள். முதலில் ஸ்பேடிடம் வேலை கொடுக்க வந்த பெண் சொன்ன கதையை நாங்கள் நம்பவில்லை, அவள் நீட்டிய 200 டாலரைத்தான் நம்பினோம் என்று ஸ்பேட் பின்னால் அவள் முகத்துக்கு நேரேயே சொல்லும் இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஹாமெட்டே பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். காசு கொடுக்கிறவர் பொய்யும் சேர்த்துத்தான் கொடுப்பார் என்பது அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் எப்படியாவது ஏழாம் அத்தியாயம் வரை போய்விடுங்கள். அங்கே ஸ்பேட் சம்பந்தமே இல்லாமல் ஒரு பழைய கேஸைச் சொல்ல ஆரம்பிப்பான். டகோமா நகரில் ஃபிளிட்கிராஃப்ட் என்று ஒரு மனை வியாபாரி, மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒழுங்கான வாழ்க்கை. மதியச் சாப்பாட்டுக்குப் போகிறவன் பக்கத்தில், கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்திலிருந்து ஒரு உத்தரம் விழுகிறது. நடைபாதையிலிருந்து தெறித்த சில்லு கன்னத்தைக் கீறியதோடு சரி. ஆனால் அவன் வீட்டுக்குத் திரும்பவே இல்லை, கண்மூடித்தனமாக விழும் உத்தரத்தின் தயவில்தான் உயிர் இருக்கிறது என்றால் இந்த ஒழுங்குக்கெல்லாம் என்ன அர்த்தம் என்று அப்படியே ஊரை விட்டுப் போய்விடுகிறான். ஐந்து வருஷம் கழித்து ஸ்பேட் அவனை ஸ்போகேனில் கண்டுபிடிக்கிறான். வேறு பெயர், இன்னொரு மனைவி, ஒரு குழந்தை, பழையபடி சாயங்காலம் நாலு மணிக்கு மேல் கோல்ஃப். உத்தரம் விழுந்தது, அதற்குத் தக்க மாறினான். அப்புறம் எதுவும் விழவில்லை, அதற்கும் தக்க மாறிக்கொண்டான். இதை ஏன் சொன்னான் என்று ஸ்பேட் விளக்குவதில்லை, கேட்டுக்கொண்டிருந்த அதே பெண் ஒப்புக்கு ஏதோ பாராட்டிவிட்டுத் தன் பேச்சுக்குத் திரும்பிவிடுகிறாள். நான் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். 1941-இல் ஜான் ஹஸ்டன் எடுத்த படத்தில் இந்தக் கதை கிடையாது, அதனால் அதில் ஸ்பேடாக நடித்த ஹம்ஃப்ரி போகார்ட்டைப் பார்த்துவிட்டேன், போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

குறை இல்லாமல் இல்லை. கெய்ரோ என்ற பாத்திரத்தை எழுதியிருக்கும் விதம் இன்றைக்கு உறுத்தும், பெண்களிடம் ஸ்பேட் நடந்துகொள்வதும் அப்படியே. அந்தக் காலத்துக் கொச்சை வார்த்தைகளும் நிறைய, புரியாததைத் தாண்டிப் போய்க்கொண்டே இருங்கள், பேசுகிறவன் தொனியிலேயே பாதி விளங்கிவிடும்.

புத்தகமாக வந்தது 1930-இல், 2026 பிறந்ததோடு அமெரிக்காவிலும் காப்புரிமை முடிந்துவிட்டது, காசு கொடுக்காமலே படிக்கலாம். ஒன்றே ஒன்று, படித்து முடிப்பதற்குள் சான் பிரான்சிஸ்கோ பக்கம் போக வாய்த்தால் பர்ரிட் சந்துக்கு மட்டும் போகாதீர்கள். ஆர்ச்சர் விழுந்த இடம் என்று அங்கே ஒரு தகடு பதித்திருக்கிறார்கள், கொன்றது யார் என்று பெயரோடு!