அவுட்லுக் ஆட்-இன் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லையா? கேள்வி பதில்

சொந்தமாக எழுதிய அவுட்லுக் ஆட்-இன்னை (அவுட்லுக்குக்குள் சேர்ந்து ஓடும் சிறு செயலி) அலுவலகம் முழுக்க ஏற்றும்போது வரும் சிக்கல்களுக்கு மட்டும் இங்கே பதில். முதலிலேயே ஒன்று: மைக்ரோசாஃப்ட் 365 அட்மின் சென்டரில் நீங்கள் ஏற்றுவது மேனிஃபெஸ்ட் கோப்பு மட்டும்தான், அதாவது ஆட்-இன்னின் பெயர், பட்டன், முகவரி போன்ற விவரக் குறிப்பு. நிரல் உங்கள் வெப் சர்வரில் இருக்கிறது. பிழை எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்த்த பிறகு கை வையுங்கள்.

கேள்வி: அட்மின் சென்டர்ல 'இன்டகிரேட்டட் ஆப்ஸ்' பக்கம் வழியா காலையில ஏத்தினேன் சார். 'டிப்ளாய்டு'ன்னு காட்டுது, ஆனா யாருக்கும் பட்டன் வரலை.

பதில்: 24 மணி நேரம் வரை ஆகலாம். அதற்குள் நீக்கிவிட்டு மறுபடி ஏற்றாதீர்கள். காத்திருக்கும்போது மேனிஃபெஸ்டை வேலிடேட்டரில் (பிழை சோதிக்கும் கருவி) ஓட்டிப் பாருங்கள். ஒருவருடைய பெட்டியில் மட்டும் கஸ்டம் ஆட்-இன்னாகச் சேர்த்து அவுட்லுக் வெப்பில் திறந்து பாருங்கள். அங்கே வந்துவிட்டால் கோப்பு சரி, மீதி காத்திருப்புதான்.

கேள்வி: ஒரே குரூப்புக்குத்தான் கொடுத்தேன். பாதிப் பேருக்கு வருது, பாதிப் பேருக்கு வரலை.

பதில்: குரூப்புக்குள் குரூப் வைத்திருப்பீர்கள். நேரடி உறுப்பினர்களுக்கு மட்டும்தான் போகும், உள் குரூப்பில் இருப்பவர்களுக்குப் போகாது. எல்லோரையும் நேரடியாகச் சேர்த்த ஒரு குரூப்பை உருவாக்கி அதற்கு ஒதுக்குங்கள். வராதவர்களில் யாருடைய மெயில்பாக்ஸாவது இன்னும் அலுவலக சர்வரிலேயே இருக்கிறதா என்றும் பாருங்கள். எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனுக்கு (மைக்ரோசாஃப்டின் கிளவுட் மெயில் சேவை) மாறாத பெட்டிக்கு இந்த வழியில் ஆட்-இன் வராது.

கேள்வி: கிளாசிக் அவுட்லுக்ல (விண்டோஸ்ல இருக்கிற பழைய அவுட்லுக்) பேனல் நல்லா திறக்குது. வெப்ல மட்டும் வெறும் வெள்ளை.

பதில்: உங்கள் சர்வர் 'எக்ஸ்-ஃபிரேம்-ஆப்ஷன்ஸ்' ஹெடரை அனுப்புகிறது. வெப்பில் உங்கள் பக்கம் ஐஃபிரேமுக்குள், அதாவது அவுட்லுக் பக்கத்துக்குள் இன்னொரு பக்கமாகத் திறக்கிறது. 'டினை' அல்லது 'சேம்ஆரிஜின்' என்று இருந்தால் பிரவுசர் தடுத்துவிடும். விண்டோஸ் கிளாசிக்கில் அது தனி வெப்வியூ என்பதால் இந்தத் தடை அங்கே தெரிவதில்லை. எஃப்12 அழுத்தி கன்சோலைப் பாருங்கள், சிவப்பில் எழுதியிருக்கும். அந்த ஹெடரை எடுத்துவிட்டு, சி.எஸ்.பி. (கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி) ஹெடரின் 'ஃபிரேம்-ஆன்செஸ்டர்ஸ்' வரியில் அவுட்லுக் டொமைன்களை அனுமதியுங்கள். சர்வருக்கு முன்னால் பிராக்ஸியோ சி.டி.என்.னோ (கோப்புகளை இடையில் நின்று வழங்கும் சர்வர்கள்) இருந்தால் அங்கேயும் தேடுங்கள். பல இடங்களில் அதுதான் இந்த ஹெடரைச் சேர்க்கிறது.

கேள்வி: என் கம்ப்யூட்டர்ல ஓடுது, மத்தவங்களுக்கு ஓடலை.

பதில்: மேனிஃபெஸ்டில் 'லோக்கல்ஹோஸ்ட்' (உங்கள் கம்ப்யூட்டரையே குறிக்கும் முகவரி) என்று தேடுங்கள். ஒரு இடத்தில் மிச்சம் இருந்தாலும் இதுதான் நடக்கும்.

கேள்வி: புரோகிராம் கோட் மாத்திட்டேன் அண்ணா, இன்னும் பழசுதான் வருது. ஐகானும் காணோம். நீக்கிட்டு மறுபடி ஏத்தவா?

பதில்: வேண்டாம். எச்.டி.எம்.எல்., ஸ்கிரிப்ட் மட்டும் மாறியிருந்தால் மேனிஃபெஸ்டைத் தொடவே தேவையில்லை. சர்வரில் புதிய கோப்பை வைத்தால் போதும். பழையது வருகிறது என்றால் அது கேஷ், அதாவது சேமித்து வைத்த பழைய நகல். ஸ்கிரிப்ட் பெயரில் ஹேஷ் (கோப்பு மாறினால் தானும் மாறும் குறியீடு) சேருங்கள், எச்.டி.எம்.எல். பக்கத்துக்கு மட்டும் 'நோ-கேஷ்' வையுங்கள். அதே 'நோ-கேஷ்' ஐகான்களுக்கும் போனால் ஐகான் வராது. உங்கள் ஐகான் காணாமல் போனதற்கு அநேகமாக அதுவே காரணம். ரிப்பனுக்கு 16, 32, 80 பிக்செல் மூன்றும் இருக்க வேண்டும்.

பட்டன், அனுமதி, முகவரி என்று மேனிஃபெஸ்டே மாறியிருந்தால் ஐ.டி.யை அப்படியே வைத்து வெர்ஷன் எண்ணை மட்டும் கூட்டி, 'அப்டேட்' வழியாக ஏற்றுங்கள். கிளாசிக்கில் பிடிவாதமாகப் பழையதே வந்தால் அவுட்லுக்கை மூடிவிட்டு, லோக்கல் ஆப்டேட்டாவுக்குள் மைக்ரோசாஃப்ட், ஆஃபீஸ், 16.0, 'வெஃப்' என்று போய் அந்த ஃபோல்டரில் இருப்பதை அழித்துவிடுங்கள்.

கேள்வி: மெயில் அனுப்பும்போது செக் பண்ற ஆட்-இன். வெப்ல ஓடுது, கிளாசிக்ல அப்படியே தொங்கி நிக்குது.

பதில்: இது நல்ல கேள்வி, விரிவாகவே சொல்கிறேன். வெப்பிலும் புதிய அவுட்லுக்கிலும் உங்கள் நிகழ்வு நிரல் (மெயில் அனுப்பும்போது தானாக ஓடும் பகுதி) முழு பிரவுசருக்குள் ஓடுகிறது. விண்டோஸ் கிளாசிக்கில் பக்கமே ஏற்றப்படுவதில்லை. ஒரே ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு மட்டும் தனி இயந்திரத்தில் ஓடுகிறது. அங்கே பக்கத்தைக் குறிக்கும் 'டாகுமென்ட்' கிடையாது. 'ஆஃபீஸ்.ஆன்ரெடி'க்குள் எழுதிய தொடக்க வேலைகள் அங்கே ஓடாது. இம்போர்ட் செய்த கோப்புகளும் வராது, எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்ட வேண்டும். 2016 ஆம் ஆண்டு ஜாவாஸ்கிரிப்ட் தரம் வரைதான் அதற்குப் புரியும் என்பதால் அதற்குப் பிந்தைய அசிங்க்-அவெய்ட் இருந்தால் பேபல் என்ற மாற்றுக் கருவி வழியாகப் பழைய வடிவுக்கு மாற்றுங்கள். நீங்கள் சொல்லும் தொங்கலுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

அடுத்து, மேனிஃபெஸ்டில் ரன்டைமுக்குள் இருக்கும் 'ஓவர்ரைடு' வரி. கிளாசிக் அந்த முகவரியை மட்டும்தான் எடுக்கும். அது தவறாக இருந்தால் வெப்பில் தெரியவே தெரியாது. கடைசியாக, பிழை வரும் பாதை உட்பட எல்லாப் பாதையிலும் வேலை முடிந்தது என்று அவுட்லுக்கிடம் சொல்லும் 'கம்ப்ளீட்டட்' அழைப்பு இருக்கிறதா பாருங்கள். ஒரு கேட்ச் பிளாக்கில் அது விட்டுப்போனாலும் அந்த மெயில் நேரம் முடியும்வரை நிற்கும்.

கேள்வி: அதே ஆட்-இன்னுக்கு சென்ட் மோட் 'பிளாக்'தானே வைக்கணும்? எங்க செக்யூரிட்டி டீம் அதைத்தான் கேக்குது.

பதில்: சென்ட் மோட் என்பது மெயிலை எப்போது நிறுத்துவது என்று சொல்லும் அமைப்பு. அதில் 'சாஃப்ட்பிளாக்' வையுங்கள். இரண்டிலும் நிபந்தனை பொருந்தாவிட்டால் மெயில் போகாது. உங்கள் சர்வர் படுத்துவிட்டால்தான் வித்தியாசம்: சாஃப்ட்பிளாக்கில் மெயில் போய்விடும், பிளாக்கில் நிற்கும். பிளாக் வைத்திருக்கும்போது உங்கள் வெப் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானால் கம்பெனி முழுக்க ஒருவராலும் கம்ப்யூட்டரிலிருந்து மெயில் அனுப்ப முடியாது.

இன்னொருவர்: அதுக்காக ரகசியம் வெளியே போகட்டுமா? ஒருத்தர் தன் கம்ப்யூட்டரோட ஹோஸ்ட்ஸ் கோப்புல உங்க டொமைனைத் தடுத்துட்டா சாஃப்ட்பிளாக் சும்மா ஆயிடும்.

பதில்: ஆகும். அதனால்தான் ஆட்-இன்னைக் காவலுக்கு நிறுத்தக் கூடாது என்கிறேன். ஐபோன், ஆண்ட்ராய்டு அவுட்லுக்கில் இந்த 'சென்ட்' நிகழ்வே இல்லை. பிளாக் வைத்தாலும் கைப்பேசியிலிருந்து மெயில் போகும். வெளியே போகவே கூடாதது என்றால் எக்ஸ்சேஞ்சின் மெயில் ஃப்ளோ விதியிலோ டி.எல்.பி. (தகவல் கசிவுத் தடுப்பு) கொள்கையிலோ தடுங்கள். அது சர்வரில் நடக்கிறது, எந்தக் கருவியிலிருந்து அனுப்பினாலும் பிடிக்கும். அவசரத்தில் இணைப்பை மறந்தவருக்கும் தவறான முகவரியைத் தட்டியவருக்கும் நினைவூட்டுவதுதான் ஆட்-இன்னின் வேலை.

அதே நண்பர்: சட்டப்படி ஒவ்வொரு மெயிலும் வகைப்படுத்தியே ஆகணும்னா?

பதில்: அப்போது பிளாக்குக்கு நியாயம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஹோஸ்டிங் இரண்டு இடத்தில் இருக்கட்டும், சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கட்டும், நிர்வாகி உடனே ஆட்-இன்னை அணைக்கும் முறை எழுத்தில் இருக்கட்டும். முதலில் ஒரு சிறு குழுவுக்கு மட்டும் கொடுங்கள். பிளாக் வைத்ததை ஸ்டோரில் வெளியிட முடியாது, நிர்வாகி வழியாக மட்டும்தான் ஏற்ற முடியும்.

கேள்வி: எங்க பழைய வி.எஸ்.டி.ஓ. ஆட்-இன் (விண்டோஸ்லயே இன்ஸ்டால் பண்ற பழைய வகை) புதிய அவுட்லுக்ல வரலை.

பதில்: வராது. புதிய அவுட்லுக்கில் காம் (சி.ஓ.எம்.), வி.எஸ்.டி.ஓ. ஆகிய பழைய வகை எதற்கும் இடமில்லை. வெப் ஆட்-இன்னாக மறுபடி எழுத வேண்டும்.

கேள்வி: அந்த வி.எஸ்.டி.ஓ. ஆட்-இன் கிளாசிக்லயே அடிக்கடி அணைஞ்சு போகுதே?

பதில்: ரிஜிஸ்ட்ரியில் 'லோட்பிஹேவியர்' 3 ஆக இருக்க வேண்டும், 2 என்றால் ஏற்றும்போது தவறியிருக்கிறது. தொடங்க எடுக்கும் நேரத்தின் இடைநிலை ஐந்து முறையில் 1,000 மில்லிசெகண்டைத் தாண்டினால் அவுட்லுக்கே அணைத்துவிடும். டேட்டாபேஸ் இணைப்பு போன்றவற்றைத் தொடக்கத்திலிருந்து எடுத்து, பட்டனை அழுத்தும்போது செய்யுங்கள்.

கேள்வி: 'கெட் கால்பேக் டோக்கன்' திடீர்னு பிழை தருது.

பதில்: மெயில்பாக்ஸ் தரவை எடுக்க ஆட்-இன்னுக்குத் தரப்படும் அனுமதிச் சீட்டுதான் டோக்கன். எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் அந்தப் பழைய டோக்கன்களை 2025இல் நிறுத்திவிட்டார்கள். மைக்ரோசாஃப்டின் உள்நுழைவு நூலகமான எம்சாலின் நெஸ்டட் ஆப் முறைக்கு மாறி, தரவை மைக்ரோசாஃப்ட் கிராஃப் ஏ.பி.ஐ. வழியாக எடுங்கள்.

கேள்வி: ஜிமெயில் ஆட்-ஆன்லயும் இதே மாதிரிதானா?

பதில்: அது முற்றிலும் வேறு அமைப்பு. கூகுள் வொர்க்ஸ்பேஸ் தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: மதியம் ஏத்தினேன், இன்னும் பட்டன் வரலை. நீக்கிட்டு…

பதில்: நீக்காதீர்கள். முதல் பதில்.

கேள்வி: அப்டேட் கொடுத்தா 'ஏற்கெனவே இருக்கு'ன்னு சொல்லுது.

பதில்: வெர்ஷன் எண்ணைக் கூட்டவில்லை. 1.0.0.0 என்றிருப்பதை 1.0.1.0 ஆக்கி, 'அப்லோட்' அல்ல, ஏற்கெனவே இருக்கும் ஆப்பைத் திறந்து 'அப்டேட்' அழுத்துங்கள்.