உம் கொட்ட ஆள் வேண்டும்

வணக்கம் அண்ணா,

ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் போச்சம்பள்ளி பக்கம். போன மாதம் அப்பா வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தார்: "பாப்பாவுக்கு ஸ்கூல் பீஸ் கட்டணும்னியே, ரெண்டு கெடாவ ஞாயித்துக்கெழம சந்தைக்கு ஓட்டிடட்டுமா கண்ணு?" நான் ஷிப்டில் இருந்தேன். கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டிவிட்டு வேலையைப் பார்த்தேன். அப்பா கெடாவை ஓட்டவில்லை. பதினைந்து நாளாக போனும் இல்லை. அம்மாவைக் கேட்டால், "நான் கேக்கறேன், அவ கட்டவெரல ஆட்டிக் காட்டறா, நம்ம காசு வேணாமாம்" என்று அப்பா சொல்லி வருத்தப்பட்டாராம்.

எங்கள் கம்பெனி பயிற்சி வகுப்பில், பேச்சில் சொல்லுக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55 என்று போர்டில் எழுதினார்கள். அப்படியென்றால் போனில் அனுப்புவதில் பெரும்பகுதி போய்ச் சேருவதே இல்லையா? தப்பு யார் மேல்?

— வாசகி, ஓசூர் (பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்தக் கணக்கை ஓரமாக வைத்துவிடுவோம். 1967-ல் ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர், வேறு இருவரோடு தனித்தனியாகச் செய்த இரண்டு சோதனைகளிலிருந்து வந்த எண்கள் அவை. ஒற்றைச் சொல்லைப் பலவிதக் குரலில் பேசிக் கேட்க வைத்தார்கள். முகபாவப் படங்களைக் காட்டினார்கள். பேசுகிறவருக்கு நம்மைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று கேட்டார்கள். சொல் ஒன்றும் முகம் வேறொன்றும் சொல்லும்போது ஆட்கள் எதை நம்புகிறார்கள் என்பதுதான் விஷயம். அந்த 55 கூட முகத்துக்கு உரியது, கை காலுக்கு இல்லை. எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். உங்கள் அப்பா "ரெண்டு கெடா" என்றார், "ஞாயித்துக்கெழம" என்றார். அதெல்லாம் சொல்லில்தான் இருந்தது, முழுதாக உங்களிடம் வந்து சேர்ந்தது. சிக்கல் திரும்பிப் போனதில்தான்.

கட்டைவிரலுக்கு வருகிறேன். தருமபுரியில் நான் பள்ளிக்கூடம் போன நாளில், கடலை மிட்டாயைப் பின்னால் மறைத்துக்கொண்டு ஒருவன் கட்டைவிரலை நிமிர்த்தி ஆட்டினால் "உனக்கு ஒண்ணும் கிடையாது, போ" என்று அர்த்தம். அதைப் பார்த்து அழுதிருக்கிறேன். உங்கள் அப்பா படித்தது அந்த விரலை. நீங்கள் அனுப்பியது வேறு ஊரிலிருந்து போனுக்குள் வந்து சேர்ந்த விரல். அவர் படித்ததில் எனக்குத் தப்பு தெரியவில்லை.

விரலால் பேசத் தெரியாதவரும் இல்லை அவர். போச்சம்பள்ளிச் சந்தைக்குக் கெடா ஓட்டுகிறவருக்குத் துண்டுக்குள் நடக்கும் பேரத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்காகச் சொல்கிறேன், நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்திருக்க மாட்டீர்கள்.

எட்டு வயதில் தாத்தாவோடு மாட்டுச் சந்தைக்குப் போனேன். தரகர் தோள் துண்டை எடுத்துத் தாத்தாவின் கைமேல் போட்டார், தன் கையை உள்ளே விட்டார். வெளியே ஒன்றும் தெரியாது. "இது ஆயிரம்... இது நூறு" என்று மட்டும் வாய் சொல்லும். எத்தனை விரலைப் பிடித்தார் என்பது இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும். தாத்தா மாட்டின் திமிலையே பார்த்துக்கொண்டிருந்தார், முகத்தில் அசைவே இல்லை. துண்டு மட்டும் துடித்தது. பிடித்த விரலை அவர் உதறுவார், தரகர் மறுபடி பிடிப்பார், இவர் வேறு விரலைச் சேர்த்துக் கொடுப்பார். ஒரு கட்டத்தில் உதறல் நின்றது. துண்டை எடுத்தார்கள். மாடு கைமாறியது. குப்பத்திலிருந்து தெலுங்கு பேசிக்கொண்டு ஒருவர் வந்தாலும், பங்காருப்பேட்டையிலிருந்து கன்னடம் பேசிக்கொண்டு வந்தாலும், துண்டுக்குள் தடுமாற்றம் கிடையாது.

அது ஏன் பிசகுவதில்லை? விரலுக்கு நிரந்தரமாக ஒரு அர்த்தம் இருப்பதால் இல்லை. கை பிடித்தபடியே இருக்கிறது. தப்பாகப் புரிந்தால் அடுத்த நொடியே உதறலாம்.

இதே கட்டைவிரல் படம் கனடாவில் ஒரு விவசாயியைக் கோர்ட்டில் நிறுத்தியது. 2021 மார்ச்சில், தானியம் வாங்கும் நிறுவனத்திலிருந்து ஆளி விதை ஒப்பந்தத்தைப் படம் பிடித்து அனுப்பி, உறுதி செய்யச் சொன்னார்கள். அவர் கட்டைவிரலைப் போட்டார். விதை போகவில்லை, அதற்குள் விலை ஏறியிருந்தது. "பார்த்துவிட்டேன் என்றுதான் போட்டேன், ஒத்துக்கொண்டதாக இல்லை" என்றார். சஸ்காச்சுவான் மாகாண நீதிமன்றம் 2023 ஜூனில் அதை ஒப்புதல் என்றே எடுத்துக்கொண்டு, 82,000 கனடா டாலருக்கு மேல் கட்டச் சொன்னது. எனக்கு முக்கியமாகப் பட்டது அதன் காரணம். அந்த இருவருக்கும் நடுவே முன்பு நடந்த பேரங்களில் "சரி", "ஆமாம்" என்று ஒற்றை வார்த்தையில் அவர் பதில் போட்டதும், அதன்படி சரக்கு போனதும் பழக்கமாகவே இருந்தது. நீதிபதி படத்தோடு சேர்த்து அந்தப் பழக்கத்தையும் பார்த்தார். உங்களுக்கும் அப்பாவுக்கும் நடுவில் அப்படி ஒரு கட்டைவிரல் பழக்கம் இருந்ததே இல்லை.

நம் வீடுகளில் இருப்பது உம் கொட்டுகிற பழக்கம். பாட்டி கதை சொல்லும்போது நாம் உம் கொட்டாவிட்டால் நிறுத்திவிடுவாள். போனில் நான்கு நொடி சும்மா இருந்து பாருங்கள், அந்தப் பக்கம் "அலோ, இருக்கியா?" என்பார்கள். கேட்கிறவர் உம் கொட்டக் கொட்டத்தான் பேசுகிறவருக்கு அடுத்த வார்த்தை வரும். பேசி அனுப்புவதில் அது இல்லை. உங்கள் அப்பா சுவரைப் பார்த்துப் பேசுவதுபோல் அந்தக் கேள்வியைக் கேட்டு முடித்திருக்கிறார். மகளிடம் காசு கொடுக்கட்டுமா என்று கேட்பது எந்த அப்பாவுக்கும் லேசு இல்லை.

இதில் நானும் தப்பு செய்தவன். பென்னாகரத்திலிருந்து பெரியம்மா பேசி அனுப்புவார், நீளமாக இருக்கும். 2021-ல் வாட்ஸ்அப் வேகமாக ஓட்டும் வசதியைக் கொடுத்ததிலிருந்து இரண்டு மடங்கில் வைத்தே கேட்டு வந்தேன். ஒருநாள் "ஒடம்புக்கு ஒண்ணுமில்லப்பா, நல்லாத்தான் இருக்கேன்" என்றார். நானும் "சரி பெரியம்மா" என்று எழுதி அனுப்பினேன். மறுவாரம் ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு அதைச் சாதாரண வேகத்தில் போட்டுக் கேட்டேன். "ஒண்ணுமில்லப்பா"வுக்கு முன்னால் நீளமாக ஒரு மூச்சு இருந்தது. வேகத்தில் அது நசுங்கிப் போயிருந்தது. இன்றுவரை அந்த மூச்சு என் காதில் இருக்கிறது.

அதனால் மன்னிப்பை எழுதி அனுப்பாதீர்கள், பேசியும் அனுப்பாதீர்கள். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் கிளம்பி, கிருஷ்ணகிரியில் பஸ் மாறி ராத்திரியே வீடு போய்ச் சேருங்கள். கட்டைவிரல் விஷயத்தை நீங்களாக எடுக்க வேண்டாம். காலையில் ஒரு கெடாவின் கயிற்றை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள், இன்னொன்று அப்பா கையில் இருக்கட்டும். வழியெல்லாம் அவர் பேசுவார். நீங்கள் உம் கொட்டிக்கொண்டே போங்கள்.