தடுப்பு இன்ஹேலரும் தடித்துப்போகும் மூச்சுக்குழாய்ச் சுவரும்: கேள்வி பதில்

கேள்வி: ஒவ்வாமை ஆஸ்துமாவுக்கு ப்யூடசோனைட் என்ற ஸ்டீராய்டு தடுப்பு இன்ஹேலரை இழுக்கத் தொடங்கி ஐந்து நாள் ஆகிறது. உடனே ஒன்றும் தெரியவில்லை. சால்பியூட்டமால்தான் கேட்கிறது. பிறகு இது எதற்கு?

பதில்: சால்பியூட்டமால் மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தும், சில நிமிடத்தில் மூச்சு இலகுவாகும். ஆனால் உள்ளே இருக்கும் அழற்சியை அது தொடாது. ப்யூடசோனைட் செல்லுக்குள் போய் அழற்சியைத் தூண்டும் மரபணுக்களை அடக்குகிறது. அழற்சியை வளர்க்கும் இயோசினோஃபில் என்ற வெள்ளையணுக்கள் குறைந்து இருமலும் இழுப்பும் அடங்க ஒன்றிரண்டு வாரமாவது வேண்டும். குளிர்காற்று, புகை பட்டதும் குழாய் சட்டென்று சுருங்கும் சுபாவம் தணியப் பல மாதம் ஆகும். ஐந்தாம் நாளில் கைவிடாதீர்கள்.

கேள்வி: சுவர் தடித்துவிடும் என்கிறார்களே, அது என்ன? ஸ்டீராய்டு அதைச் சரிசெய்யுமா?

பதில்: ஏர்வே ரீமாடலிங் என்பது அதுதான். உள்படலத்துக்கு அடியில் உள்ள வலைப்படலம் சாதாரணமாக 4–5 மைக்ரான் தடிமன் இருக்கும். ஆஸ்துமாவில் கொலாஜன் என்ற நார்ப்புரதம் படிந்து இரு மடங்குக்கும் மேல் ஆகலாம். தசை பெருக்கும், சளி சுரக்கும் செல்கள் கூடும், புது ரத்தக்குழாய்கள் முளைக்கும். சீராக ஓடும் காற்றுக்குக் குழாயின் ஆரம் பாதியானால் தடை 16 மடங்கு. அதனால்தான் சிறு தடிப்பும் பெரிய மூச்சுத்திணறலாக முடிகிறது.

ஸ்டீராய்டு அழற்சியை நன்றாக அடக்கும். அதிக டோஸில் பல மாதம் எடுத்தவர்களுக்கு வலைப்படலம் ஓரளவு மெலிந்ததும் உண்டு. பெருத்த தசையை அது பெரிதாக மாற்றுவதில்லை. "சுவரைப் பழையபடி ஆக்கிவிடும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பலன் வேறு இடத்தில் இருக்கிறது. 2003-ல் வெளியான ஸ்டார்ட் ஆய்வில், சமீபத்தில் தொடங்கிய லேசான ஆஸ்துமா உள்ள ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு மூன்றாண்டு குறைந்த டோஸ் ப்யூடசோனைட் தந்தபோது, முதல் கடும் தாக்குதலுக்கான அபாயம் 44 சதவீதம் குறைந்தது. கடும் தாக்குதல் வந்தவர்களில், ஸ்டீராய்டு எடுக்காதவர்களின் நுரையீரல் திறன்தான் கூடுதலாகச் சரிந்தது. தாக்குதலைத் தடுப்பதே பெரிய காப்பு.

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. வளர்ச்சி நின்றுவிடுமா?

பதில்: நிற்காது. தினமும் 400 மைக்ரோகிராம் ப்யூடசோனைட் எடுத்த குழந்தைகளைப் பெரியவர்களாகும் வரை கவனித்த கேம்ப் ஆய்வில், உயரம் மற்றவர்களைவிடச் சராசரியாக 1.2 செ.மீ. குறைந்திருந்தது. அடங்காத ஆஸ்துமாவும், அடிக்கடி தரும் ஸ்டீராய்டு மாத்திரையும் வளர்ச்சியை இதைவிட அதிகம் பாதிக்கும். ஆஸ்துமா அடங்கும் மிகக் குறைந்த டோஸைக் கேட்டு வாங்குங்கள். ஆறு மாதத்துக்கொருமுறை உயரம் அளந்து குறித்து வையுங்கள்.

கேள்வி: ஒழுங்காக இழுத்தும் பலன் இல்லை. டோஸைக் கூட்டலாமா?

பதில்: முதலில் இழுக்கும் முறையைப் பாருங்கள், பெரும்பாலும் பிழை அங்கேதான். ஸ்ப்ரே வகையென்றால் நன்கு குலுக்கி, ஸ்பேசரில் (மருந்தைத் தேக்கித் தரும் குழாய்க்கூடு) பொருத்துங்கள். மூச்சை முழுதாக வெளியே விட்டு, ஒரே ஒரு பஃப் அழுத்தி, 4–5 விநாடி மெதுவாக இழுங்கள். 10 விநாடி அடக்குங்கள். அடுத்த பஃபுக்கு அரை நிமிடமாவது விட்டு, மறுபடி குலுக்குங்கள். இரண்டு பஃபைச் சேர்த்து அடித்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஸ்பேசரிலேயே படியும்.

பவுடர் வகைக்கு நேர்மாறு: வேகமாக, அழுத்தமாக இழுக்க வேண்டும். மெதுவாக இழுத்தால் பவுடர் பிரியாமல் தொண்டையில் விழும். இன்ஹேலருக்குள் மூச்சை விட்டால் ஈரத்தில் கட்டிதட்டிவிடும்.

ஸ்பேசரைத் துணியால் துடைக்காதீர்கள். நிலைமின்சாரம் உண்டாகி மருந்தை இழுத்துக்கொள்ளும். சோப்புத்தண்ணீரில் கழுவி, தானாகக் காய விடுங்கள். டப்பாவைத் தண்ணீரில் மிதக்கவிட்டு மருந்து இருக்கிறதா என்று பார்ப்பதும் தப்பு. மீதி பஃபைக் காட்டும் கவுண்டரைப் பாருங்கள், இல்லாவிட்டால் பஃபை எண்ணுங்கள்.

கேள்வி: குரல் கம்முகிறது, நாக்கில் வெண்படலம்.

பதில்: வாயில் தங்கிய மருந்தால் வருவது, வெண்படலம் பூஞ்சை. ஒவ்வொரு முறையும் தொண்டைவரை கொப்பளித்துத் துப்புங்கள், விழுங்காதீர்கள். வெண்படலம் போகாவிட்டால் பூஞ்சை மருந்து வேண்டும்.

கேள்வி: எப்போது நிறுத்தலாம்?

பதில்: மூன்று மாதம் அறிகுறியே இல்லாமல், நுரையீரல் திறனும் நிலையாக இருந்தால் மருத்துவர் டோஸை 25–50 சதவீதம் குறைப்பார். நீங்களாக நிறுத்தினால் சில வாரத்தில் அழற்சி திரும்பும். சால்பியூட்டமாலை மட்டும் நம்பி ஆண்டுக்கு மூன்று டப்பாவுக்கு மேல் போனால் ஆபத்து கூடுகிறது என்று அர்த்தம். ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாத திணறல், உதடு நீலம் என்றால் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். வழியில் சால்பியூட்டமாலை ஸ்பேசர் வழியே தந்துகொண்டே போங்கள்.