ஒரே தான் துணி, இரண்டு நிறமா?

கேள்வி: விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில் மெரூன் வெல்வெட் எடுத்து, ஹால் ஜன்னலுக்கு லைனிங் வைத்து இரண்டு திரை தைத்தேன். மேலே கம்பி நுழைக்கும் மடிப்பு. ஒரே தானில் வெட்டியதுதான். ஆனால் மாட்டிப் பார்த்தால் ஒன்று கருஞ்சிவப்பாகவும் இன்னொன்று வெளிறியும் தெரிகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? தைக்கும்போது துணி நழுவி, முடிவில் மூன்று விரல் அளவு மிஞ்சியும் போகிறது. என்னுடையது பழைய மிதி மெஷின்.
– வாசகி, திருமங்கலம்

பதில்: கடைக்காரரை விட்டுவிடுங்கள், பாவம். ஒரு திரையைத் தலைகீழாகத் தைத்திருக்கிறீர்கள்.

வெல்வெட்டின் மேலே குட்டை முடி மாதிரி நிற்கும் நூல், ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருக்கும். நீளவாக்கில் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் பூனை முதுகாய் வழுக்கும், எதிர்த்திசையில் சொரசொரக்கும். முடி கீழே பார்த்துப் படிந்தால் துணி வெளிறித் தெரியும். மேலே பார்த்து நின்றால் நிறம் அடர்த்தியாகும். அதனால்தான் வெட்டும்போதே ஒவ்வொரு துண்டின் பின்பக்கமும் சாக்பீஸால் ஓர் அம்புக்குறி போட்டுவிட வேண்டும்.

கருஞ்சிவப்புத் திரையின் மேல் மடிப்பையும் கீழ் மடிப்பையும் பிரித்து, லைனிங்கோடு அப்படியே திருப்பித் தையுங்கள். நிறம் கொஞ்சம் குறைந்தாலும் எனக்கு இரண்டும் கீழ்நோக்கி இருப்பதுதான் பிடிக்கும். நம் ஊர்ப் புழுதிக்கு, மேலிருந்து கீழே பிரஷ் போட்டால் போதும். பிரித்த இடத்தில் பழைய மடிப்பு தெரிந்தால் பின்பக்கம் ஆவி காட்டி, முடியை மெல்ல நீவிவிடுங்கள். நல்ல பக்கத்தில் மட்டும் அயர்ன் பாக்ஸை வைத்துவிடாதீர்கள். என் நாத்தனாரின் வெல்வெட் ரவிக்கையில் நான் ஒருமுறை வைத்தேன். பெட்டியின் படகு வடிவம் அப்படியே பதிந்துவிட்டது. இன்றைக்கும் கல்யாண வீடுகளில் அந்தப் பேச்சு வரும்.

அடுத்து, நழுவல். மெஷினின் பல் கீழ்த்துணியை இழுக்கும், மேலே இருக்கும் பாதம் மேல்துணியைப் பின்னுக்குத் தள்ளும். நடுவே வெல்வெட் முடி வேறு வழுக்கும். குண்டூசி மட்டும் இதற்குப் போதாது. தையல் வரும் கோட்டின் இரு பக்கமும் கையால் பெரிய ஓட்டுத் தையல் போட்டுவிடுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் இதைத் தாண்டி நான் வேறு வழி கண்டதில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேட உடுப்பு தைக்கிற புதுமண்டபத்துத் தையற்காரர்கள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டார்கள். அந்தப் பக்கம் போனால் ஐந்து நிமிடம் நின்று அவர்கள் கை துணியைப் பிடிக்கிற விதத்தைப் பாருங்கள்.

மிதி மெஷினில் பாதம் மாட்டிய கம்பியின் உச்சியில் ஒரு திருகு இருக்கும். அதைக் கொஞ்சம் தளர்த்தினால் அழுத்தம் குறையும். 16-ஆம் நம்பர் ஊசி, அங்குலத்துக்கு ஏழெட்டுத் தையல், முடி படியும் திசையில் ஓட்டுவது. அவ்வளவுதான்.

அப்புறம், கீழ் மடிப்பை உடனே அடிக்காதீர்கள். கனமான துணி, தொங்கத் தொங்க இறங்கும். இரண்டு நாள் தொங்கவிட்டு அளந்து, கையால் ஹெம்மிங் செய்யுங்கள்.

வேலை முடிந்ததும் பாபின் கேஸைக் கழற்றினால் உள்ளே சிவப்புப் பஞ்சு அடைந்திருக்கும். பழைய டூத் பிரஷால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பழந்துணியில் நாலு தையல் ஓட்டிய பிறகே பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையைக் கையில் எடுங்கள்.