மைக் வைத்துப் பாடினால் மட்டமா?

கேள்வி: மகன் வீட்டுக்கு லண்டன் போயிருந்தபோது ‘தி ஃபேன்டம் ஆஃப் தி ஓப்பரா’ பார்த்தேன். அந்தச் சரவிளக்கு தலைக்கு மேலே எழும்பிப் போனபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. மறுநாள் ஒரு விருந்தில் இதைச் சொன்னேன். மகனின் நண்பர் சிரித்துவிட்டு, “அது டூரிஸ்டுகள் பார்க்கிற மியூசிக்கல், ஆன்ட்டி. ஓப்பரா பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்” என்றார். முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. இரண்டுக்கும் அப்படி என்ன வித்தியாசம்? வீட்டுக்கு வந்து செல்போனில் ஓப்பரா போட்டுப் பார்த்தேன். ஒரே அலறல். இதைப் போய் எப்படித்தான் ரசிக்கிறார்களோ!
— வாசகி, திருச்சி

பதில்: முதலில் அந்த நண்பரைக் கவனிப்போம். அப்புறம் உங்களிடம் வருகிறேன்.

இரண்டுமே பாட்டால் கதை சொல்கிற மேடை நாடகம்தான். ஆனாலும் வித்தியாசம் உண்டு. அது தொண்டையில் இருக்கிறது. ஓப்பரா பாடகர் மைக் வைத்துக்கொள்வதில்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓப்பரா அரங்கில் சுமார் 3,800 பேர் உட்காரலாம். மேடைக்கு முன்னாலுள்ள பள்ளத்தில் ஒரு முழு ஆர்கெஸ்ட்ரா முழங்கிக்கொண்டிருக்கும். அதைத் தாண்டிக் கடைசி வரிசைவரை குரல் போய்ச் சேர வேண்டும். சும்மா கத்தினால் சேராது. வாத்தியங்களின் பலம் குறைகிற 3,000 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 3,000 அதிர்வு) வாக்கில் குரலைக் குவிப்பதற்கு வருஷக்கணக்கில் பழகுகிறார்கள். மியூசிக்கலில் துளியூண்டு மைக்கை விக்குக்கு அடியில், நெற்றியோரம் ஒட்டிவிடுவார்கள். காதில் ரகசியம் சொல்வதுபோலப் பாடலாம், ஆடிக்கொண்டே பாடலாம். ஆனால் வாரத்துக்கு எட்டு ஷோ. அது லேசான வேலையா? 2002இல் சினிமா இயக்குநர் பாஸ் லூர்மன் ‘லா போயெம்’ ஓப்பராவை, நியூயார்க்கில் மியூசிக்கல்கள் நடக்கிற பிராட்வேக்குக் கொண்டுவந்தபோது, நாயகன் நாயகிக்கு மூன்று ஜோடிப் பாடகர்களைப் போட்டு மாற்றி மாற்றிப் பாடவைத்தார். ஓப்பராக் குரல் எட்டு ஷோ தாங்காது.

ஓப்பரா பாடத் தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்கிற நினைப்பும் சரியில்லை. 1984இல் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் தன்னுடைய ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ மியூசிக்கலை ஓப்பராக்காரர்களை வைத்துப் பதிவு செய்தார். நியூயார்க் தெருவில் வளர்ந்த அமெரிக்கப் பையன் டோனியாகப் பாடியவர் பார்சிலோனாக்காரரான ஹோசே கரேராஸ். உலகம் கொண்டாடிய குரல். ஆனால் வாயைத் திறந்தால் ஸ்பானிஷ் வாடை. பெர்ன்ஸ்டைன் பொறுமையிழந்து தலையில் கைவைத்துக்கொள்வதை அந்தப் பதிவைப் பற்றிய ஆவணப்படத்திலேயே பார்க்கலாம்.

சரி, ‘இடையிடையே வசனம் பேசினால் மியூசிக்கல், முழுக்கப் பாடினால் ஓப்பரா’ என்று அந்த நண்பர் ஒரு விதி வைத்திருக்கக்கூடும். அப்படிப் பார்த்தால் 1875இல் பாரிஸில் முதன்முதலாக மேடையேறிய ‘கார்மென்’ ஓப்பராவே அடிபட்டுப் போகும். அதில் வசனம் இருந்தது. அதற்கு இசையமைத்த பிஸே இறந்த பிறகுதான் இன்னொருவர் அந்த இடங்களுக்கு இசை போட்டுக் கொடுத்தார். நீங்கள் பார்த்த ஃபேன்டமோ பெரும்பாலும் பாட்டாகவே போகிறது!

மொட்ஸார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ ஓப்பரா இன்னும் ருசியான கதை. 1791இல் அது அரங்கேறியது அரண்மனை அரங்கில் அல்ல; வியன்னாவின் கோட்டைச் சுவருக்கு வெளியே, புறநகர்க் கொட்டகை ஒன்றில். கொட்டகையை நடத்திய ஷிக்கனேடரே கதை வசனம் எழுதி, கோமாளித்தனமான பறவைபிடிப்பவனாகவும் நடித்தார். அவர் கையில் ஒரு மணி வாத்தியம் இருக்கும். அவர் வாசிப்பதுபோல் பாவனை செய்வார், உள்ளேயிருந்து வேறொருவர் வாசிப்பார். ஒருநாள் மொட்ஸார்ட் மேடைக்குப் பின்னால் போய், உள்ளேயிருந்து வாசிக்கிற அந்த வாத்தியத்தைத் தானே பிடித்துக்கொண்டார். ஷிக்கனேடர் வாசிக்காமல் நிற்கிற இடத்தில் இவர் வேண்டுமென்றே மணியை ஒலிக்கவிட்டார். அவர் திடுக்கிட்டு உள்ளே திரும்பிப் பார்த்தார். அடுத்த முறை, வரும் என்று அவர் காத்திருந்த இடத்தில் இவர் வாசிக்கவில்லை. மனுஷர் பாட்டை நிறுத்திவிட்டார். பிறகு மொட்ஸார்ட் ஒரு தட்டு தட்ட, ஷிக்கனேடர் கையிலிருந்த வாத்தியத்தை ஓர் அடி அடித்து, “வாயை மூடு” என்றார். கொட்டகையே சிரித்தது. மனைவிக்கு எழுதிய கடிதத்தில் மொட்ஸார்ட் இதைக் குஷியாக விவரித்திருக்கிறார். சில நாள் கழித்து, பேரரசரின் அவை இசைத் தலைவரான சாலியேரி அதே கொட்டகைக்கு வந்து, மாமன்னர் முன்னால் நடத்தத் தகுந்த படைப்பு என்று வாய்விட்டுப் புகழ்ந்தாராம். அரண்மனைக்காரருக்கு இல்லாத கௌரவம் உங்கள் மகனின் நண்பருக்கு எங்கிருந்து வந்தது?

பணத்திலிருந்து வந்தது. நியூயார்க்கில் பழைய பணக்காரர்கள் போய்வந்த அகாடமி ஆஃப் மியூசிக் என்கிற ஓப்பரா அரங்கில் பாக்ஸ், அதாவது பணக்காரர்கள் உட்காரும் தனி மாடங்கள், மொத்தமே 18. எவ்வளவு கொடுத்தாலும் புதுப் பணக்காரர்களுக்கு அது கிடைக்கவில்லை. கோபத்தில் அவர்களே சேர்ந்து கட்டியதுதான் 1883இல் திறந்த மெட்ரோபாலிட்டன். அடுக்கடுக்காக பாக்ஸ் வைத்துக் கட்டினார்கள். பாட்டுக்காகத்தான் என்று நம்ப விரும்புகிறேன். 1935இல் பிராட்வேயில் அரங்கேறிய கெர்ஷ்வினின் ‘போர்கி அண்ட் பெஸ்’ இந்த மெட்ரோபாலிட்டனுக்குள் நுழைய 1985 ஆயிற்று. கெர்ஷ்வின் அதை ஓப்பரா என்றுதான் எழுதினார்.

இனி உங்களிடம் வருகிறேன் அம்மா. அவர் உங்களை ஒரே வரியில் தள்ளினார், நீங்கள் ‘ஒரே அலறல்’ என்று ஒரு முழுக் கலையையே தள்ளிவிட்டீர்கள். மைக் இல்லாமல் பெரிய அரங்கை நிரப்பப் பழகிய குரலைச் செல்போனின் பட்டன் அளவு ஸ்பீக்கரில் கேட்டால் வேறு எப்படி இருக்கும்? ஃபேன்டத்தில் கார்லோட்டா என்கிற ஓப்பராப் பாடகியின் தொண்டையிலிருந்து தவளைச் சத்தம் வரும்போது கொட்டகை சிரித்திருக்கும், நீங்களும் சிரித்திருப்பீர்கள். அந்தச் சிரிப்பும் விருந்துச் சிரிப்பும் ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

அடுத்த முறை லண்டன் போனால், நீங்கள் ஃபேன்டம் பார்த்த தியேட்டரிலிருந்து கோவென்ட் கார்டன் நடந்தே போய்விடலாம். அங்கே ராயல் ஓப்பரா ஹவுஸில் நின்று பார்க்கிற டிக்கெட் மலிவாகக் கிடைக்கும். ‘லா போயெம்’ போட்டால் அதையே எடுங்கள். மேடைக்கு மேலே ஆங்கிலத்தில் வரிகள் ஓடும். கடைசிக் காட்சியில் அந்தப் பெண் இருமிக்கொண்டே கிடக்கும்போது உங்களுக்கு என்ன ஆகிறது என்று எழுதுங்கள். பிடிக்கவில்லை என்றாலும் எழுதுங்கள், போடுகிறேன். மகனின் நண்பரிடம் மட்டும் சொல்ல வேண்டாம். எந்த வரிசையில் நின்றீர்கள் என்று கேட்பார்.